மூன்றாவது பத்தி

செப்டம்பர் 4, திங்கள்

தினமும் பத்து வரி ஆங்கிலத்தில் டைரி எழுத வேண்டும் என்பது நான் சேர்ந்திருக்கும் ஆன்லைன் மெயில் பயிற்சியின் முதல் வீட்டுப்பாடம். இரண்டு வரி எழுதினேன். காலையில் எழுந்தேன், ஆபீஸ் போனேன். மூன்றாவது வரியில் ஷெரினைத் திட்ட வேண்டியிருந்தது. அதற்கு என்னிடம் இருக்கும் ஆங்கிலம் போதவில்லை. ஆகவே தமிழ்.

எங்கள் சரக்கை வாங்கும் ஹாம்பர்க் பையர் அம்மாள் ஷெரினுக்குப் பதில் போட்டிருக்கிறாள். "உங்கள் கம்பெனியிலிருந்து இவ்வளவு தெளிவான மெயில் வந்ததே இல்லை." வந்ததே இல்லையாம். பதினாறு வருடமாக அந்த அம்மாளுக்கு மெயில் எழுதியது யார்? இந்தத் தமயந்தி. அவளுடைய கிச்சன் டவலில் எத்தனை கட்டம், எந்தச் சிவப்பு, எத்தனை முறை துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஷெரின் வந்து எட்டு மாதம் ஆகிறது. வயது இருபத்தாறு. நாகர்கோவில் பெண். கைத்தறியையும் விசைத்தறியையும் தொட்டுப் பார்த்துப் பிரிக்கத் தெரியாது. ஆனால் மெயில் தெளிவு.

முதலாளி மகன் பிரதீப் சார் அந்த மெயிலை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். நான் கைதட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினேன்.

எனக்கொன்றும் பொறாமை இல்லை. பயிற்சியில் சேர நானாகத்தான் முடிவு செய்தேன். பணம் கட்டியது மெயிலைப் படித்த அரை மணி நேரத்தில் என்பது தற்செயல்.

செப்டம்பர் 6, புதன்

காலை ஐந்தரை மணிக்கு வகுப்பு. அடுப்பில் சாம்பார் கொதிக்க, போனை மிக்ஸிமேல் சாய்த்து வைத்துப் படித்தேன். எட்டு வாரம். வேலையில் இருப்பவர்களுக்கானது. சேரும்போது எந்தத் தொழில் என்று கேட்டார்கள். டெக்ஸ்டைல் ஆட்கள் அறுபது பேரை ஒரு பேட்ச்சில் போட்டிருக்கிறார்கள். யார் பெயரும் யாருக்கும் தெரியாது. அது ஒரு நிம்மதி. சீனியர் மெர்ச்சண்டைசர் எழுதப் படிக்கப் போகிறாள் என்று கம்பெனியில் தெரிந்தால் மானம் போய்விடும்.

மெர்ச்சண்டைசர் என்றால் பையருக்கும் பேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவள். திட்டைக் குறைக்க நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். மெயிலில் முதலில் வணக்கம், பிறகு நலம் விசாரிப்பு, பிறகு தங்கள் ஆதரவுக்கு நன்றி, பிறகு கரூரில் மழை. இதெல்லாம் முடிந்து பதினோராவது வரியில் சரக்கு பத்து நாள் தள்ளிப் போகும் என்று மெதுவாக வைப்போம்.

பயிற்சி சொல்வது நேர் எதிர். முக்கியமான சேதி எதுவோ அதை முதல் வரியில் எழுது. கெட்ட சேதி என்றால் கட்டாயம் முதல் வரியில் எழுது.

ஷெரின் அப்படித்தான் எழுதுகிறாள். அவளுக்கு யாரும் சொல்லித் தரவே இல்லை என்பதுதான் எரிச்சல்.

செப்டம்பர் 9, சனி

ஷெரினுக்குப் புது நாற்காலி. முதுகு வலிக்கிறதாம். இருபத்தாறு வயதில் முதுகு.

செப்டம்பர் 13, புதன்

இரண்டு அறிவிப்பு. ஜனவரியில் பிராங்க்பர்ட் கண்காட்சிக்கு மெர்ச்சண்டைசிங்கிலிருந்து ஒரே ஒருவரைத்தான் பிரதீப் சார் கூட்டிப்போவார். பிரசவத்துக்குப் போன சுகன்யா திரும்ப வரவில்லை என்பதால் எங்கள் பிரிவில் அசிஸ்டண்ட் நாற்காலி காலி. கம்பெனிக்குள்ளேயே யாரும் கேட்கலாம். டிகிரி வேண்டும். இங்கிலீஷில் மெயில் எழுதப் படித்ததற்கு ஒரு சர்டிபிகேட் காட்ட வேண்டும், அக்டோபர் கடைசிக்குள்.

இரண்டாவது அறிவிப்பை நான் காதில் வாங்கவில்லை. முதலாவது மட்டும் நாளெல்லாம் ஓடியது.

மதியம் பேக்கிங் லிஸ்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். எந்த அட்டைப்பெட்டிக்கு எந்த ஸ்டிக்கர் என்பதெல்லாம் அந்த லிஸ்டில்தான் இருக்கும். பேக்கிங் சூப்பர்வைசர் பூங்கொடியின் கையில் கொடுத்து, அவள் பிடித்திருக்கும்போதே போனில் ஒரு போட்டோ எடுத்தேன்.

"ஏனுங்க்கா, எப்பப் பாத்தாலும் என்னைய போட்டோ எடுக்கறீங்க. கல்யாண ஆல்பம் போடறதுக்குங்களா?" என்றாள்.

"கை மட்டும்தான் விழுது. வளையல் மாத்து, அடுத்த வாரம் நல்லா இருக்கும்" என்றேன்.

சிரித்தாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது அவளுக்கும் தெரியும். கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து வருடம் முன்னால் ஒரு முழுக் கன்டெய்னரும் ஸ்டிக்கர் மாறிப் போனது. சிவப்புக் கட்டம் போக வேண்டிய ஊருக்கு நீலம், நீலம் போக வேண்டிய ஊருக்குச் சிவப்பு. கடைசி நேரத்தில் திருத்திய லிஸ்ட் பேக்கிங்குக்கு வரவே இல்லை என்றார்கள். நான் கையில் கொடுத்ததாகத்தான் நினைவு. ஆனால் யார் கையில், எத்தனை மணிக்கு என்று பெரியவர், பிரதீப் சாரின் அப்பா, எல்லோர் முன்னாலும் அடுக்கிக் கேட்டபோது எனக்கே குழம்பிவிட்டது. என் தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன். அந்த வருடம் கண்காட்சிக்கு நான் போவதாக இருந்தது, போகவில்லை. அன்றிலிருந்து கொடுக்கும் தாளையெல்லாம் போட்டோ எடுக்கிறேன். காலையில் கேஸ் அடுப்பை மூடியதையும் எடுக்கிறேன். என் மகள் கவிநயா என் போனைப் பார்த்துவிட்டு, அம்மா உன் போனில் என்னைவிட அடுப்புப் படம்தான் அதிகம் என்கிறாள்.

செப்டம்பர் 21, வியாழன்

பாடத்தின்படி ஒரு மெயில் எழுதினேன். முதல் வரியில் சேதி. அனுப்பிவிட்டு நாள் முழுக்கப் பதிலுக்குக் காத்திருந்தேன். ஹாம்பர்க் அம்மாள் "சரி, நன்றி" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டாள். பாராட்டு இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டிங் பார்க்கிறவர். "ஏ அம்மணி, முன்னாடி உன்ற மெயிலுக்கு நாலு நாள் கழிச்சுப் பதில் வரும்ப. இப்ப அன்னிக்கே வந்திருக்குதல்ல? அப்பறம் என்ன?" என்றார்.

இவருக்கு என்ன தெரியும்? ஷெரினுக்கு நான்கு வரியில் வருகிறது.

செப்டம்பர் 28, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரம். பூங்கொடி படிக்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, காதில் ஹெட்போனோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்று நின்று அவள் முட்டி வீங்கிக் கிடக்கிறது.

"என்ன சீரியல்?" என்றேன்.

போனைக் கவிழ்த்துவிட்டாள். "சும்மாங்க்கா." பிறகு, "ஒருத்தருகிட்ட மன்னிப்புக் கேக்கோணும்னா இங்கிலீஷ்ல எப்பிடி எழுதுவாங்க?" என்றாள்.

நாங்கள் பையருக்கு எழுதும் வழக்கமான வரியைச் சொன்னேன். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

"அது கம்பெனி கேக்கறதுங்க. ஆளு கேக்கறது?"

எனக்கு அவசரம். ஷெரின் பிரதீப் சார் அறைக்குள் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அப்புறம் சொல்கிறேன் என்று மேலே ஏறிவிட்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

இன்று கண்டுபிடித்துவிட்டேன். ஷெரினின் கம்ப்யூட்டரில் நம் பயிற்சிப் பக்கம் திறந்திருந்தது. அதே ஆரஞ்சு நிறத் தலைப்பு, கட்டுரையை அனுப்பும் கட்டம். பக்கத்தில் பூங்கொடி ஏதோ பேப்பரோடு நின்றுகொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் ஷெரின் பக்கத்தை மூடினாள்.

"அக்கா, சாப்டியளா?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள்.

அதுதானே பார்த்தேன். யாரும் சொல்லித் தராமலா அப்படி எழுத்து வரும்? எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். ஏற்கெனவே நன்றாக எழுதுகிறவள் எதற்குப் படிக்கிறாள்? எனக்கும் அவளுக்கும் இருக்கும் தூரம் குறைந்துவிடக் கூடாது என்றுதானே?

அக்டோபர் 8, ஞாயிறு

ஆறாம் வாரக் கட்டுரை. இதில் பாஸ் ஆனால்தான் சர்டிபிகேட். தலைப்பு: உங்கள் வேலையிடத்தில் நடந்த ஒரு தவறு.

நான் பையர் செய்த தவறைப் பற்றி எழுதினேன். நிறைய இருக்கிறது.

அக்டோபர் 15, ஞாயிறு

மார்க் போடுவது ஆசிரியர் இல்லை. ஒவ்வொரு கட்டுரையும் பெயர் இல்லாமல் பேட்ச்சில் வேறு மூன்று பேருக்குப் போகும். அவர்கள் ஆளுக்கு இருபதுக்குப் போடும் மார்க்கின் சராசரிதான் நம் மார்க். பத்து வந்தால் பாஸ். எனக்கு மூன்று கட்டுரை வந்தது. முதல் இரண்டும் திருப்பூர்க்காரர்கள் போல. பன்னிரண்டு, பதினைந்து போட்டேன்.

மூன்றாவதைத் திறந்தேன். நான்கு பத்தி. முதல் பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி: "நாங்கள் கிச்சன் டவல் ஏற்றுமதி செய்கிறோம். ஐந்து வருடம் முன் ஸ்டிக்கர் மாறி ஒரு கன்டெய்னர் போய்விட்டது. சிவப்பு போக வேண்டிய இடத்துக்கு நீலம் போனது." இரண்டாவது பத்தி: "தவறு மெர்ச்சண்டைசர் மேடத்தினுடையது என்று முடிவானது. முதலாளி அவரை எல்லோர் முன்னாலும் திட்டினார். அவர் சாம்பிள் அறையில் துணிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார்."

அந்த மேடம் நான். எனக்கு நடந்ததை எடுத்து, என் அழுகையை எடுத்து, அதை வைத்துச் சர்டிபிகேட் வாங்கப் பார்க்கிறாள் ஷெரின். யார் சொன்னார்களோ அவளுக்கு. டீ குடிக்கும்போது கேட்டிருப்பாள். என்னைத் தவிர பேட்ச்சில் இன்னும் இரண்டு பேர் இதைப் படித்திருப்பார்கள்.

அதற்குமேல் படிக்கவில்லை. நேராகக் கீழே போய் மார்க் கட்டத்தில் சைபர் போட்டேன். கருத்து எழுத வேண்டும் என்றது. ஆங்கிலத்தில் எழுதினேன், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது: "பிறர் தவறை எழுதுகிறவர் முதலில் தன் தவறை எழுதக் கற்றுக்கொள்ளட்டும்."

இந்தப் பயிற்சியில் நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை என்று வீட்டுக்காரர் கோழி எடுத்து வந்திருந்தார். நன்றாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 21, சனி

மார்க் வந்துவிட்டது. எனக்குப் பதினொன்று. பாஸ்.

ஷெரினை நாள் முழுக்கக் கவனித்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் நேந்திரங்காய் சிப்ஸ் எல்லோருக்கும் கொடுத்தாள். என்ன நெஞ்சழுத்தம்! எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே அள்ளி வைத்தாள். தின்றேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. பேக்கிங்கில் டேப் ஒட்டும் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பங்கு வைத்தார்கள். பூங்கொடி வரவில்லை. அவள் பங்கை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 26, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பூங்கொடி சாம்பிள் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். பொரிப் பொட்டலத்தை நீட்டினேன், வாங்கவில்லை. மடித்த தாள் ஒன்றை மேசையில் வைத்தாள்.

"நான் ஒரு கோர்ஸ் படிச்சனுங்க்கா. சுகன்யா சீட்டுக்காக. தபால்ல பி.காம். முடிச்சது சும்மா கெடந்துச்சு, முட்டியும் இனித் தாங்காது. ஷெரின்தான் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்துச்சு. பெயிலாயிட்டனுங்க."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரியாதவள்போல, "எவ்வளவு?" என்றேன்.

"ஒம்பதுங்க. ஒருத்தரு பதினாலு, ஒருத்தரு பதிமூணு. ஒருத்தரு சைபரு."

தாளை என் பக்கம் தள்ளினாள். "இதுல இருக்கறத உங்ககிட்ட அஞ்சு வருசமாச் சொல்லப் பாக்கறேன். தமிழ்ல வாய் வரலீங்க்கா. இங்கிலீஷ்ல எழுதுனா வேற யாரோ சொல்ற மாதிரி இருந்துச்சு, எழுதிட்டேன். கீழ அந்தச் சைபரு போட்டவங்க எழுதியிருக்கறதப் பாருங்க. மொதல்ல கோவம் வந்துச்சுங்க. அப்பறம் ரெண்டு நாள் யோசிச்சேன். அவங்க சொல்றது செரிதான். பேரில்லாம எழுதுனா அது எழுதுன மாதிரி ஆகுமா? உங்க கையில குடுக்கோணும்னு வந்தேன்."

போய்விட்டாள். நான் மூன்றாவது பத்தியைப் படித்தேன்.

"தவறு அவருடையது அல்ல. திருத்திய லிஸ்டை மேடம் என் கையில்தான் கொடுத்தார். அதற்குள் பழைய லிஸ்ட்படி ஸ்டிக்கர் ஒட்டி முடித்துவிட்டோம். எல்லாவற்றையும் உரித்து ஒட்டினால் லாரி போய்விடும், என் வேலை போய்விடும் என்று பயந்தேன். புது லிஸ்டைக் கிழித்துப் போட்டேன். கேட்டபோது லிஸ்ட் வரவில்லை என்றேன்."

நான்காவது பத்தி இரண்டே வரி. "அவர் இப்போது ஒவ்வொரு தாளையும் என் கையோடு சேர்த்துப் போட்டோ எடுக்கிறார். ஒவ்வொரு முறையும் நான் அந்த லிஸ்டைக் கிழிக்கிறேன்."

அதற்குக் கீழே, அதே தாளில், மார்க்கும் என் நல்ல வாக்கியமும்.

அக்டோபர் 27, வெள்ளி

அந்த லிஸ்டைக் கொடுத்திருக்கிறேன். நான் கொடுத்துத்தான் இருக்கிறேன்.

அக்டோபர் 28, சனி

பூங்கொடியிடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பேசியிருந்தால் அறைந்திருப்பேன் என்று தோன்றுகிறது. ஐந்து வருடம். என் மூளைமேலேயே எனக்குச் சந்தேகம் வர வைத்துவிட்டாள். வீட்டைப் பூட்டினேனா என்று பாதி வழியில் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போன நாட்களெல்லாம் அவள் கணக்கில்தான் சேரும்.

சைபர் சரிதான். ஆள் தெரியாமல் போட்டாலும் சரியான ஆளுக்குத்தான் போட்டிருக்கிறேன்.

இப்படி எழுதிவிட்டேனே தவிர, எழுதிய பிறகும் மனசு ஆறவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

பிரதீப் சார் கூப்பிட்டார்.

"பிராங்க்பர்ட்டுக்கு நீங்களா ஷெரினான்னு இந்த வாரம் சொல்லணும். எனக்கு நீங்கதான் சரின்னு படுதுங்க. துணியைத் தொட்டுப் பேசுற ஆள் வேணும். உங்க மெயிலும் இப்ப நல்லா வருது. அப்பாதான் அந்தக் கன்டெய்னரையே சொல்லிட்டிருக்கார். அது மட்டும் இல்லைன்னா இன்னைக்கே டிக்கெட் போட்டிருப்பேன்."

என் கைப்பை மடியில் இருந்தது. பைக்குள் அந்தத் தாள். அவர் மேசைக்கும் என் பைக்கும் ஒரு முழம் தூரம் இல்லை.

ஜிப்பைப் பாதி திறந்துவிட்டேன். அப்போதுதான் அடியில் இருப்பது ஞாபகம் வந்தது. சைபர், என் வாக்கியம். யார் போட்டது என்று அதில் இல்லைதான். ஆனால் சார் அதைச் சத்தமாகப் படிப்பாரே, அப்போது என் முகம் காட்டிக் கொடுத்துவிடும். நாளைக்கு வருகிறேன் சார் என்று எழுந்துவிட்டேன்.

சாம்பிள் அறையில் மாதிரித் துணித்துண்டு வெட்டும் கத்தரி இருக்கிறது. துணி ஓரம் பிரியாமல் பல் பல்லாக வெட்டும். தாளை மேசையில் விரித்தேன். நான்கு பத்திக்குக் கீழே, மார்க்குக்கு மேலே ஒரே ஒரு வெட்டு. பிறகு அது வெறும் பூங்கொடியின் வாக்குமூலம். எனக்குக் கண்காட்சி, பெரியவருக்குப் பதில், ஷெரினுக்குச் சிப்ஸ்.

ஓரத்தில் ஒரு விரற்கடை வெட்டியும் விட்டேன்.

வெட்டும்போது ஒரு நினைப்பு வந்தது. பூங்கொடியும் இப்படித்தான் நின்றிருப்பாள். கையில் லிஸ்ட், வெளியே லாரி ஹாரன். கிழித்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் அவளுக்கும் தோன்றியிருக்கும். எனக்கு இப்போது லாரிகூட நிற்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. ஷெரின் போகக் கூடாது, அவ்வளவுதான்.

கத்தரியை வைத்துவிட்டேன்.

நவம்பர் 1, புதன்

நேற்று முழுக்கத் தைரியம் வரவில்லை. இன்று காலை பிரதீப் சார் அறைக்குள் போனேன். தாளை எடுத்துப் போகவில்லை. வணக்கம், சௌக்கியமா, நேரம் இருக்கிறதா என்று வழக்கமாக ஆரம்பிக்க வாய் திறந்தது. பாடம் ஞாபகம் வந்தது.

"சார், பூங்கொடியைப் பெயிலாக்குனது நான்."

அப்புறம்தான் விளக்கம். அதே பயிற்சியில் நானும் படித்தது, ஷெரின் எழுதியது என்று நினைத்துப் பாதியில் நிறுத்தியது, சைபர். கட்டுரையில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் கேட்டார். பேக்கிங் பற்றி, நன்றாக எழுதியிருந்தாள் என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "ஷெரின்னு நினைச்சு... ஏங்க?"

"பொறாமை சார்."

தமிழில் அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. சின்னச் சொல்தான்.

"நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நினைக்கலீங்க" என்றார். பூங்கொடி பெயிலானதால் சுகன்யாவின் சீட்டுக்கு வெளியிலிருந்து ஆள் பார்க்கச் சொல்லியிருந்ததை டிசம்பர் வரை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். அதற்குள் பூங்கொடி மறுபடி எழுதிப் பாஸ் ஆனால் சரி. பிராங்க்பர்ட் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

ஷெரின் போகிறாள். என்னிடம் ஓடிவந்து, "அக்கா, அங்க குளிருமாம், நான் என்னத்த கொண்டு போவேன்? நீங்கதான் எல்லா டிசைனும் எனக்குச் சொல்லித் தரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வயிறு எரிகிறது. இல்லை என்று எழுதினால் பொய். நூலைப் பிரித்து எண்ணிக்கை பார்ப்பதெப்படி என்று மாலை வரை சொல்லிக் கொடுத்தேன். ஒன்றிரண்டு நுணுக்கங்களைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அதையும் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 11, சனி

நாளை தீபாவளி. இன்று அரை நாள்தான் வேலை. பூங்கொடியிடம் சொல்லாமலே பத்து நாளை ஓட்டிவிட்டேன். சீட் டிசம்பர் வரை இருக்கிறது என்று பிரதீப் சார் அவளிடம் சொல்லியிருக்கிறார், காரணம் சொல்லவில்லை. அதை என்னிடம் விட்டுவிட்டார்.

எல்லோரும் இனிப்பு டப்பாவோடு கிளம்பிய பிறகு கீழே போனேன். பூங்கொடி கடைசிப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சைபர் போட்டது நான்தான்" என்றேன்.

கையை நிறுத்தவில்லை. அந்தப் பெட்டியை ஒட்டி முடித்தாள். அடுத்ததையும் ஒட்டினாள். பிறகு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"நான்னு தெரிஞ்சுங்களா?"

"இல்ல. ஷெரின்னு நெனச்சு. ரெண்டாவது பத்தியோட நிறுத்திட்டேன்."

நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. அவளும் அழவில்லை. வெளியே யாரோ முன்கூட்டியே சரவெடி கொளுத்தினார்கள்.

"கன்டெய்னர் சமாச்சாரத்தப் பிரதீப் சார்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ஏனுங்க?"

"சொன்னா உனக்குச் சீட் இல்ல."

"சொல்லலீன்னா உங்களுக்குப் பேர் இல்ல."

"நான் கொடுத்தேன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அது போதும்" என்றேன். போதாது. ஆனாலும் சொன்னேன்.

அவள் ஸ்டிக்கர் சுருளைக் கையில் எடுத்து இறுக்கிச் சுற்றினாள். "மூணாவது பத்தியும் படிச்சிருந்தா எத்தன போட்டிருப்பீங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "உன்னுதுன்னு தெரிஞ்சா கோவத்துல சைபர். ஷெரினோடதுன்னு நெனச்சா, அப்பவும் சைபர்."

"அப்ப என்ற இங்கிலீஷ் எப்பிடி இருக்குதுன்னு நீங்க பாக்கவே இல்லியாங்க்கா?"

கைப்பையிலிருந்து தாளை எடுத்தேன், ஓரத்தில் பல் பல்லாக வெட்டுப்பட்ட அதே தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டிமேல் உட்கார்ந்து, பேனாவை எடுத்து, முதல் வரியிலிருந்து படித்தேன். யாருடையது என்பதை மறந்து படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் பத்தி நீளம். முக்கியமான சேதியை மூன்றாவது பத்தி வரை ஒளித்து வைத்திருக்கிறாள், அதற்கு மார்க் குறைத்தேன். கடைசி இரண்டு வரி, ஹாம்பர்க் அம்மாளே எழுதியிருக்க முடியாது. கூட்டிப் பார்த்துக் கீழே எழுதினேன். இருபதுக்குப் பன்னிரண்டு. கூடவும் போடவில்லை, குறைக்கவும் இல்லை.

பூங்கொடி எட்டிப் பார்த்தாள். பெட்டி எண்ணிப் பழகியவள், மனக்கணக்கில் கெட்டி.

"பதினாலு, பதிமூணு, பன்னெண்டு" என்றாள். "மூணால வகுத்தா பதிமூணுங்க்கா. பாஸ்."

எழுந்துபோய் மிச்சப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தாள்.